செவிலியர் தானே ஓர் ஆய்வை வழிநடத்த முடியுமா?

கேள்வி: இதயநோய் சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாகச் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இதயச் செயலிழப்புக்குச் (இதயம் போதிய ரத்தத்தை இறைக்க முடியாமல் தளர்ந்துபோகும் நோய்) சிகிச்சை பெற்று, நலமாகி வீடு திரும்பியவர்களில் பலர் ஒரு மாதத்துக்குள் கால் வீக்கத்தோடும் மூச்சுத் திணறலோடும் மீண்டும் வந்து சேர்கிறார்கள். இது ஏன் என்று முறையாக ஆராய விரும்புகிறேன். எங்கள் பிரிவின் மருத்துவரிடம் சொன்னபோது, "தரவு சேகரிப்பில் நீங்கள் உதவலாம்; ஆய்வை நடத்துவது வேறு விஷயம்" என்றார். வார்டு வேலையை விட்டுவிட்டு முனைவர் பட்டத்துக்குப் போனால்தான் இது முடியுமா? புள்ளியியல் என்றாலே எனக்கு அச்சம். வயது 38. காலம் கடந்துவிட்டதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பட்டம், வயது, புள்ளியியல் என்று பலவற்றைக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது, நலமாகிப் போனவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்ற ஒரு வரிதான். 11 ஆண்டுகள் கட்டில் அருகே நின்றதால் உங்களுக்குக் கிடைத்த கேள்வி அது. அதை எடுத்துக்கொண்டு வார்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை. இப்போது நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கலாம் என்பது என் கருத்து. எப்படித் தொடங்குவது என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நல்ல எண்ணத்தோடு தொடங்கப்படும் ஆய்வுகள் எண்ணிப் பார்ப்பதிலேயே பிழை செய்து வீணாவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அப்படி வீணானவற்றில் ஒன்று என்னுடையது.

முதலில் அந்த மருத்துவர் சொன்னதை எடுத்துக்கொள்வோம். ஆய்வுச் செவிலியராக இருப்பது சிறிய வேலையன்று. நோயாளியிடம் ஒப்புதல் பெறுவது, குறித்த நாளில் அவரை வரவழைப்பது, மருந்தின் பக்கவிளைவை மற்றவர்களுக்கு முன்பே கண்டுபிடிப்பது என ஒரு பெரிய மருந்து ஆய்வின் நம்பகத்தன்மை முழுவதும் அவர் கையில்தான் இருக்கிறது. வாய்ப்புக் கிடைத்தால் ஓராண்டு அந்த வேலையைச் செய்யுங்கள். ஆய்வு நெறிமுறையும் ஆவண ஒழுங்கும் அங்கே கைவந்துவிடும். ஆனால் அங்கேயே பதினைந்து ஆண்டுகள் இருந்துவிட்டவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் பிறருடைய கேள்விகளுக்கு விடை சேகரித்தார்கள்; தங்கள் கேள்வியை யாரிடமும் சொல்லாமலே ஓய்வு பெற்றார்கள். ஆய்வை வழிநடத்துவது என்றால் கேள்வி உங்களுடையதாக இருப்பது, அதற்கான பொறுப்பும் உங்களுடையதாக இருப்பது. அதைச் செவிலியர்கள் செய்வது புதிய செய்தியும் அன்று.

இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வரலாற்றையே பாருங்கள். 1960-களின் தொடக்கத்தில் ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சர் அத்தகைய பிரிவொன்றை ஓர் ஆய்வுத் திட்டமாகத் தொடங்கியபோது, அதன் செவிலியர் பணியை வகுத்தவர் ரோஸ் பின்னியோ என்ற செவிலியர். அதற்கு முன்பு மாரடைப்பு நோயாளிகள் பொது வார்டில் மற்றவர்களோடு படுத்திருப்பார்கள். இதயத் துடிப்பு திடீரென ஒழுங்கு குலைந்து நின்றுவிட்டால், மருத்துவர் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். திரையில் ஓடும் ஈசிஜியைப் படித்து, மருத்துவருக்காகக் காத்திராமல் மின்னதிர்ச்சி கொடுக்கச் செவிலியரைப் பயிற்றுவிக்கலாமா என்பதே அங்கே எழுந்த கேள்வி. அன்றைக்கு அது துணிச்சலான கேள்வி. இன்று நீங்கள் இரவுப் பணியில் யாரையும் கேளாமல் அந்தப் பொத்தானை அழுத்துகிறீர்கள் என்றால், அது அன்று அந்தக் கேள்விக்குக் கிடைத்த விடையால்தான்.

பிற்காலத்தில் மார்த்தா ஹில் என்ற செவிலியர் பால்டிமோர் நகரின் வறிய பகுதிகளில் வாழ்ந்த, உயர் ரத்த அழுத்தம் உள்ள கறுப்பின இளைஞர்கள் 309 பேரை மூன்றாண்டுகள் பின்தொடர்ந்தார். செவிலியரும் சமூகச் சுகாதாரப் பணியாளரும் மருத்துவரும் சேர்ந்து தொடர்ந்து கவனித்த குழுவில், வழக்கமான வழிகாட்டுதல் மட்டும் பெற்ற குழுவைவிட ரத்த அழுத்தம் நன்றாகக் கட்டுப்பட்டது. 1997-இல் அமெரிக்க இதயச் சங்கத்தின் தலைவர் பொறுப்புக்கு வந்த, மருத்துவர் அல்லாத முதல் நபரும் அவரே. உங்கள் மருத்துவரிடம் இதைச் சொல்லி வாதாட வேண்டாம். நீங்கள் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

நான் இன்னும் அடிக்கடி எடுத்துக்காட்டுவது பார்பரா ட்ரூ என்ற செவிலிய ஆய்வாளரின் ஆய்வை. மானிட்டர்கள் இடைவிடாமல் கத்துவதும், நாளடைவில் அந்த ஓசைக்கு நம் காது மரத்துப்போவதும் உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் அந்த எரிச்சலையே ஆய்வுக் கேள்வியாக்கினார். கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் ஃபிரான்சிஸ்கோ மருத்துவமனையில், தீவிர சிகிச்சையில் இருந்த 461 நோயாளிகளின் மானிட்டர்கள் 31 நாட்களில் எழுப்பிய அலாரங்கள் அனைத்தையும் சேமித்தார். அவை 25 லட்சத்தைத் தாண்டின. காதில் விழும் அலாரங்கள் மட்டும் ஒரு கட்டிலுக்கு ஒரு நாளைக்கு 187. துடிப்புக் கோளாறு என்று எச்சரித்த 12,671 அலாரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் 88.8 சதவீதம் பொய்யானவை. 2014-இல் இது வெளிவந்தது. அந்த வார்டுகளில் எத்தனையோ பேர் வந்து போயிருப்பார்கள். ஆனால் அந்த ஓசைக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நின்றவர்களுக்குத்தான் அதை எண்ண வேண்டும் என்று தோன்றியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இதயச் செயலிழப்பு நோயாளிகள் திரும்பி வருவதற்குக் காரணம் கேட்டால், பெரும்பாலான வார்டுகளில் ஒரே விடைதான் கிடைக்கும்: "சொன்னதைக் கேட்பதில்லை." நானும் அதை நம்பிய காலம் உண்டு. பணியில் சேர்ந்த சில ஆண்டுகளில் ஒரு முதியவர் மூன்றாம் முறையாக வந்து சேர்ந்தார். உப்பைக் குறைக்கவில்லையா, மாத்திரையை விட்டுவிட்டீர்களா என்று நான் சற்றுக் கடுமையாகவே கேட்டேன். அவர் எதுவும் பேசாமல் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். நாங்கள் டிஸ்சார்ஜ் செய்தபோது சொன்னபடியே, தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் உண்பதற்கு முன், தம் எடையைப் பார்த்து எழுதியிருந்தார். ஒரு நாள்கூட விடுபடவில்லை. கடைசி ஐந்து நாட்களில் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. அதையும் கோணாத கையெழுத்தில் எழுதியிருந்தார். ஆறாம் நாள் மூச்சு முட்டி வந்துவிட்டார். எழுதச் சொன்னோம், எழுதினார். மூன்று நாட்களுக்குள் இரண்டு கிலோவுக்கு மேல் கூடினால் அது உடலில் தேங்கும் நீர், அன்றைக்கே யாரிடமாவது சொல்ல வேண்டும் என்பதையும், யாரிடம் எந்த எண்ணில் சொல்வது என்பதையும் நாங்கள் சொல்லவில்லை.

என் ஆய்வு வாழ்க்கை அந்த நோட்டுப் புத்தகத்தில் தொடங்கியது என்றே சொல்வேன். பின்னாளில் பார்பரா ரீகல், டைனி யார்ஸ்மா, அன்னா ஸ்ட்ரோம்பெர்க் ஆகிய மூன்று செவிலிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்ட சுயபராமரிப்புக் கோட்பாட்டைப் படித்தபோது, அந்த முதியவர் எந்த இடத்தில் கைவிடப்பட்டார் என்பது துலங்கியது. சொன்னபடி மருந்தும் உணவும் கொள்வது ஒன்று. உடலில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிப்பது இன்னொன்று. கவனித்ததைப் புரிந்துகொண்டு செயல்படுவது மூன்றாவது. முதல் இரண்டையும் அவர் குறையில்லாமல் செய்தார். மூன்றாவதுக்கு நாங்கள் வழி வைக்கவில்லை. "கேட்பதில்லை" என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இந்த மூன்றும் குழம்பிக் கிடக்கும்வரை எந்த ஆய்வும் செய்ய முடியாது. ஆகவே உங்கள் வார்டுக்குத் திரும்பி வருகிறவர்கள் இந்த மூன்றில் எந்த இடத்தில் தவறுகிறார்கள் என்பதையே உங்கள் முதல் கேள்வியாக வைத்துக்கொள்ளலாம். விடை உங்கள் எதிர்பார்ப்புக்கு மாறாக இருக்கக்கூடும். மருந்து அளவே போதவில்லை என்றோ, சிறுநீரகம் ஒத்துழைக்கவில்லை என்றோ தெரியவரலாம். அதுவும் விடைதான்.

இந்தத் துறையில் ஏற்கெனவே என்ன தெரியும் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1995-இல் மைக்கேல் ரிச் குழுவினர், 70 வயதோ அதற்கு மேலோ ஆன 282 நோயாளிகளிடம் ஓர் ஆய்வு நடத்தினார்கள். செவிலியர் முன்நின்று கற்பித்து, உணவு ஆலோசனையும் மருந்துச் சீரமைப்பும் வீட்டுக்குப் போன பிறகான கவனிப்பும் சேர்ந்து கிடைத்த குழுவில், 90 நாட்களுக்குள் இதயச் செயலிழப்பால் மீண்டும் சேர்ந்த நிகழ்வுகள் 24. வழக்கமான சிகிச்சை பெற்ற குழுவில் 54. (ஆய்வை வழிநடத்தியவர் மருத்துவர், சோதிக்கப்பட்டதில் பெரும்பகுதி செவிலியரின் வேலை என்பதை நான் ஒவ்வொரு முறையும் ஒரு புன்னகையோடுதான் படிக்கிறேன்.) ஸ்வீடனில் ஸ்ட்ரோம்பெர்க் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், செவிலியர் நடத்தும் சிகிச்சையகத்துக்கு வந்தவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 7 பேர், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 20 பேர். ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 106 பேர்தான்.

இவற்றைப் படித்தால் உற்சாகம் வரும். அதோடு நிறுத்திவிடாமல் யார்ஸ்மா 2008-இல் வெளியிட்ட நெதர்லாந்து ஆய்வையும் படியுங்கள். அதில் 1,023 நோயாளிகள். செவிலியரின் சாதாரண உதவியோ, மிகத் தீவிரமான உதவியோ பெற்றவர்களை 18 மாதங்கள் கவனித்தபோது, இறப்பையும் மீள்சேர்க்கையையும் சேர்த்துப் பார்த்த அளவில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க நன்மை தெரியவில்லை. தாம் வாழ்நாள் முழுவதும் நம்பிய ஒன்றைப் பெரிய அளவில் சோதித்து, எதிர்பார்த்தது கிடைக்காதபோதும் அதை மறைக்காமல் அச்சிட்ட ஒரு செவிலியரின் ஆய்வு அது. ஒப்பிடப்பட்ட வழக்கமான சிகிச்சையே அங்கு ஏற்கெனவே நல்ல தரத்தில் இருந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்ற விவாதமும் உண்டு. இதனால் உங்களுக்கு என்ன? "செவிலியர் கற்பித்தால் மீள்சேர்க்கை குறையுமா" என்ற பொதுக் கேள்வியை நீங்கள் மறுபடி கேட்க வேண்டாம். உங்கள் வார்டில் என்ன குறைகிறது, யாருக்குக் குறைகிறது என்ற சிறிய கேள்வியே பயன்தரும்.

தொடங்கும் விதத்தைச் சொல்கிறேன். முதலில் வார்டில் இந்த எண்ணிக்கையை எடுக்க உங்கள் மேற்பார்வையாளரின் எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெறுங்கள். வார்டின் தரத்தைச் சீர்செய்வதற்காக எண்ணுவது வேறு, பொது அறிவுக்காக ஆராய்ந்து வெளியிடுவது வேறு. இரண்டாவதற்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் முன்கூட்டியே வேண்டும். தரவைச் சேகரித்து முடித்த பிறகு ஒப்புதலுக்குப் போனவர்களின் உழைப்பு அப்படியே பெட்டியில் கிடக்கிறது. ஐயம் இருந்தால் குழுவிடம் ஒரு கடிதம் எழுதிக் கேட்டுவிடுங்கள்.

அடுத்து, எண்ணிக்கை. "பலர் திரும்பி வருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். எத்தனை பேரில் எத்தனை பேர்? நம் நினைவில் நிற்பவர்கள் திரும்பி வந்தவர்களே. வராதவர்களை நாம் நினைப்பதில்லை. ஆகவே ஒரு தேதியைக் குறித்துக்கொண்டு, அன்றிலிருந்து இதயச் செயலிழப்பு என்ற நோயறிதலோடு வீடு திரும்பும் ஒவ்வொருவரையும், ஒருவரைக்கூட விடாமல், வரிசையாக ஏட்டில் பதியுங்கள். எதை மீள்சேர்க்கை என்று கொள்வது என்பதையும் அன்றே எழுதிவிடுங்கள்: 30 நாட்களா, 90 நாட்களா, இதயக் காரணத்துக்கு மட்டுமா, விழுந்து எலும்பு முறிந்து வந்தாலுமா, முன்பே நாள் குறித்து வரவழைத்த சிகிச்சையையும் சேர்ப்பதா. முடிவைப் பார்த்த பிறகு வரையறையை மாற்றும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வந்திருக்கிறது.

புள்ளியியல் அச்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். நகரும் வரைபடத்தைப் பார்த்து, இது உண்மையான துடிப்புக் கோளாறா அல்லது நோயாளி பல் துலக்குகிறாரா என்று நொடியில் பிரித்தறிகிறவர் நீங்கள். இடைநிலை அளவு, விகிதம், நம்பக இடைவெளி, உயிர்வாழ்வு வரைகோடு ஆகிய நான்கையும் படித்துப் புரிந்துகொள்ளும் அளவுக்குக் கற்றால் முதல் மூன்றாண்டுகளுக்குப் போதும். கணக்கிடுவதற்குப் புள்ளியியலாளர் இருக்கிறார். ஆனால் அவரிடம் ஆய்வு தொடங்கும் முன்பே போக வேண்டும். முடிந்த பிறகு போனால், எத்தனை பேர் தேவைப்பட்டிருப்பார்கள் என்பதை அவர் வருத்தத்தோடு சொல்ல மட்டுமே முடியும். சுயபராமரிப்பை அளக்க ரீகல் குழுவினர் உருவாக்கிய வினாப்பட்டியல் போன்ற சோதிக்கப்பட்ட அளவுகோல்களைப் பயன்படுத்துங்கள். உங்கள் நோயாளிகள் பேசும் மொழியில் அது இல்லையென்றால், ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதை மறுபடி மூலமொழிக்குக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். நீங்களே இரவோடிரவாக ஒரு வினாப்பட்டியல் தயாரிப்பது எளிது. அதன் விடைகளை யாரும் ஏற்கமாட்டார்கள்.

அந்த மருத்துவரிடம் மறுபடி போங்கள், ஆனால் கையில் இரண்டு மாத எண்ணிக்கையோடு போங்கள். முதல்முறை அவரிடம் நீங்கள் கொண்டுபோனது ஓர் எண்ணம். எண்ணத்தை மறுப்பது எளிது. அவர் மறுத்தால் வேறொரு இதயநோய் மருத்துவரை நாடுங்கள். ஒரு மருத்துவரின் துணை உங்களுக்கு வேண்டும், ஏனெனில் நோயறிதலை உறுதிசெய்வதும் மருந்தளவு பற்றிய முடிவும் அவர் பொறுப்பு. அதே நேரத்தில் முதன்மை ஆய்வாளர் யார், கட்டுரையில் பெயர் வரிசை என்ன, தரவு யாருடைய பாதுகாப்பில் இருக்கும் என்பதை ஒரு பக்கத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இது அவநம்பிக்கை அன்று. நல்ல நட்புகள் இந்த ஒரு தாள் இல்லாமல் முறிந்ததைப் பார்த்திருக்கிறேன். வாரத்துக்கு அரை நாள் ஆய்வுக்கென ஒதுக்கித் தருமாறும் எழுத்தில் கேளுங்கள். பணி முடிந்த களைப்பில் செய்யும் ஆய்வு ஆறு மாதம் தாங்காது.

முனைவர் பட்டம் தேவையா என்றால், உங்கள் பெயரில் ஆய்வு நிதி பெற்று, பல மருத்துவமனைகளைச் சேர்த்து நடத்தும் நிலைக்குப் போக விரும்பினால் தேவை. இந்த ஏட்டைத் தொடங்குவதற்குத் தேவையில்லை. இரண்டாண்டு எண்ணிக்கையோடு பட்டத்துக்குப் போகிறவர், வழிகாட்டி கொடுக்கும் தலைப்புக்காகக் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. தம் கேள்விக்குப் பொருத்தமான வழிகாட்டியைத் தாமே தேர்ந்தெடுக்கலாம். பகுதிநேரமாகப் படித்து, வாரத்தில் சில நாட்களாவது வார்டில் இருக்க முடிந்தால் அதுவே மேல் என்பது என் தனிப்பட்ட சார்பு. வயதைப் பற்றிய கேள்விக்கு ஒரே வரி: நான் முதல் கட்டுரையை வெளியிட்டபோது உங்களைவிட மூத்தவள்.

வீணான என் ஆய்வைச் சொல்கிறேன் என்றேன். அந்த முதியவரின் நோட்டுப் புத்தகத்துக்குப் பிறகு, எடை கூடினால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணோடு ஓர் அட்டை அச்சிட்டு, எல்லோருக்கும் கொடுத்தோம். சில மாதங்களில் மீள்சேர்க்கை நன்றாகக் குறைந்ததாகக் கணக்கு காட்டியது. மருத்துவமனைக் கூட்டத்தில் அதைப் பெருமையாக முன்வைத்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மூத்த செவிலியர், "திரும்பி வராதவர்கள் எல்லோரும் வீட்டில் நலமாக இருக்கிறார்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அன்று மாலையே ஒவ்வொரு வீட்டுக்கும் தொலைபேசியில் பேசத் தொடங்கினேன். சிலர் வேறு மருத்துவமனையில் சேர்ந்திருந்தார்கள். சிலர் இறந்துபோயிருந்தார்கள்; அவர்களையும் நான் "திரும்பி வரவில்லை" என்ற நல்ல கணக்கில் சேர்த்திருந்தேன். அட்டை பயன் தந்ததா இல்லையா என்பதை அந்தத் தரவைக் கொண்டு இன்றுவரை சொல்ல முடியாது.

ஆகவே ஏட்டில் கோடு போடும்போது, வீடு திரும்பிய நாளுக்கு ஒரு பத்தியும், மீண்டும் சேர்ந்த நாளுக்கு ஒரு பத்தியும், வேறிடத்தில் சேர்ந்தவர்களுக்கு ஒரு பத்தியும் வைத்துவிட்டு, இறந்த நாளுக்கும் ஒரு பத்தி விடுங்கள். முப்பதாம் நாள் எல்லோர் வீட்டுக்கும் நீங்களே பேசி அவற்றை நிரப்புங்கள்.